விண்டோஸ் போட்டுக் கொடுத்தவர் யார்?

சீசன் களைகட்டிவிட்டால் குற்றாலத்தில் அருவிக்கரைக் கடைகளுக்கு மட்டும் வேலை கூடுவதில்லை, ஜெராக்ஸ் கடைகளுக்கும் கூடும். லாட்ஜில் ரூம் போட ஆதார் நகல் வேண்டும். ஊர் திரும்ப ரயில் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க வேண்டும். தென்காசி டவுனுக்குள் வந்துவிட்டால் சீசனே தேவையில்லை. கல்யாண ஆல்பத்துக்கான போட்டோ, பிளக்ஸ் பேனர் டிசைன், கல்லூரி புராஜெக்ட், பத்திர நகல் என்று வருஷம் முழுக்க ஆட்கள் பென்டிரைவோடு வந்துகொண்டே இருப்பார்கள். காலையிலிருந்து இரவு வரை அத்தனையும் ஒரே கணினியின் ஒரே யூஎஸ்பி துளையில்தான் ஏறி இறங்கும்.

இப்படிப்பட்ட கடைகளில் பல வருஷமாகக் கேட்டுப் பழகிய ஒரு புலம்பல் உண்டு. "அண்ணாச்சி, பென்டிரைவ்ல எல்லாம் ஷார்ட்கட்டா காட்டுது, உள்ள ஒண்ணையும் காணும்." கடைக்காரர் அசராமல் பதில் சொல்வார்: "ஒண்ணும் ஆவாது, ஃபைல் எல்லாம் உள்ளதான் கெடக்கு." கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, 'அட்ரிப்' என்று தொடங்கும் ஒரு வரியை அடிப்பார். காணாமல் போன ஃபோல்டர்கள் திரும்ப வந்து நிற்கும். வாடிக்கையாளர் நிம்மதியாகக் கிளம்பிவிடுவார். வீட்டுக்குப் போய்த் தன் கணினியில் அந்த பென்டிரைவைச் செருகினால் மறுபடியும் எல்லாம் ஷார்ட்கட்.

ஷார்ட்கட் வைரஸ் செய்யும் வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பென்டிரைவில் 'கல்யாணம் போட்டோ' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைரஸ் முதலில் அதை மறைத்துவிடும். வெறுமனே மறைத்தால், மறைத்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி விண்டோஸில் ஒரு டிக் அடித்ததும் அது வெளியே வந்துவிடும். அதனால் 'சிஸ்டம்' என்ற முத்திரையையும் அதன்மேல் சேர்த்துக் குத்தும். சிஸ்டத்துக்குச் சொந்தமான மறைவு ஃபைல்களை விண்டோஸ் யார் கண்ணிலும் காட்டாது. காட்ட வேண்டுமானால் இன்னொரு எச்சரிக்கையையும் தாண்டி வர வேண்டும். இந்த வசதியைத்தான் வைரஸ் தனக்குத் திரையாக்கிக்கொள்கிறது. ஃபோல்டர் இருந்த இடத்தில் அதே பெயரில், அதே மஞ்சள் ஐகானோடு ஒரு ஷார்ட்கட்டை வைக்கிறது. அதைத் தட்டியதும் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும். கூடவே நிஜ ஃபோல்டரும் திறந்துகொள்ளும். தட்டியவர் போட்டோவைப் பார்ப்பார், வேலையை முடிப்பார், எதுவும் நடந்ததாகவே அவருக்குத் தெரியாது. அதற்குள் அந்த ஸ்கிரிப்ட் கணினியின் ஸ்டார்ட்-அப் பட்டியலில் தன் பெயரை எழுதிக்கொண்டு, அடுத்து வரும் பென்டிரைவுக்காகக் காத்திருக்கும். கடைக்காரர் அடிக்கும் அந்த ஒற்றை வரி பென்டிரைவில் மறைந்ததை வெளியே கொண்டுவரும், அவ்வளவுதான். வீட்டுக் கணினிக்குள் குடியிருப்பதை அது தொடுவதே இல்லை.

இதில் வாடிக்கையாளர் செய்த தப்பு என்ன? ஃபோல்டர் மாதிரி தெரிந்ததை ஃபோல்டர் என்று நினைத்துத் தட்டினார். திரை காட்டியதை நம்பினார். பழி மட்டும் அவர் தலையில்தான் விழுகிறது. "கண்டதையும் கிளிக் பண்ணாதீங்க" என்ற அறிவுரை கேட்காத கணினி வகுப்பே இருக்காது. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைத் தட்டாமல் கணினியில் வேறு எந்த வேலையைச் செய்வது?

ஷார்ட்கட் வைரஸுக்கு ஒரு மூத்த பங்காளி உண்டு. 2000-களின் பிற்பாதியில் பிரவுசிங் சென்டருக்குப் போய்வந்தவர்களுக்கு 'நியூ ஃபோல்டர் டாட் எக்ஸ்இ' மறந்திருக்காது. பெயர் நியூ ஃபோல்டர், ஐகானும் ஃபோல்டர், ஆனால் அது ஒரு புரோகிராம். விண்டோஸில் எந்த புரோகிராமும் தனக்கு வேண்டிய படத்தை ஐகானாகப் போட்டுக்கொள்ளலாம். ஃபைல் பெயரின் கடைசியில் வரும் 'டாட் எக்ஸ்இ' போன்ற வாலை, சாமானியருக்குக் குழப்பமாக இருக்கும் என்று விண்டோஸ் 95 காலத்திலிருந்தே மறைத்துவைக்கிறார்கள். இரண்டையும் தனித்தனியே பார்த்தால் நல்ல எண்ணத்தில் செய்த வசதிகள். சேர்த்துப் பார்த்தால், புரோகிராம் எது, ஃபோல்டர் எது என்று கண்ணால் பிரித்துப் பார்க்கும் ஒரே வழியையும் அடைத்துவிட்டார்கள். 2000 மே மாதத்தில் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பி உலகத்தையே உலுக்கிய 'ஐ லவ் யூ' மின்னஞ்சல் வைரஸும் இதே ஓட்டை வழியாகத்தான் போனது. இணைப்பின் பெயர் 'டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்' என்று முடியும். கடைசி வால் மறைந்துவிட்டதால் வெறும் எழுத்துக் கோப்பு போலத் தெரிந்தது. காதல் கடிதம் என்று நினைத்துத் திறந்தவர்களைப் பார்த்து உலகம் சிரித்தது. வாலை மறைத்துவைத்தவர்களைப் பற்றி அன்று பேசியவர்கள் குறைவு. இன்றைக்கும் புதிதாகப் போட்ட விண்டோஸில் அந்த வால் மறைந்தேதான் இருக்கிறது.

பயனரைத் திருத்தாமல் வடிவமைப்பை மட்டும் திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு உலக அளவில் நடந்த ஒரு சோதனையே இருக்கிறது. விண்டோஸ் 95-இல் 'ஆட்டோரன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சிடியைப் போட்டதும் உள்ளே இருக்கும் புரோகிராம் தானே ஓடும். கடையில் காசு கொடுத்து வாங்கிய சிடி இருந்த காலத்தில் அது பிரமாதமான வசதி. பென்டிரைவ் வந்த பிறகு அதுவே வைரஸுக்கு ராஜபாட்டை ஆனது. 2008 நவம்பரில் தலைகாட்டிய கான்ஃபிக்கர் ஒரு படி மேலே போனது. பென்டிரைவைச் செருகியதும் "என்ன செய்யட்டும்?" என்று கேட்டு ஒரு பெட்டி வருமே, அதில் 'ஃபைல்களைப் பார்க்க ஃபோல்டரைத் திற' என்ற வரியை ஃபோல்டர் படத்தோடு அச்சு அசலாகத் தானே எழுதிச் சேர்த்தது. நிஜ வரியும் போலி வரியும் ஒரே பெட்டிக்குள், ஒன்றன்கீழ் ஒன்றாக. போலியைத் தட்டினால் வைரஸ்.

விண்டோஸ் 7 வந்தபோது பென்டிரைவுக்கு ஆட்டோரன் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. 2011 பிப்ரவரியில் பழைய எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே மாற்றத்தை அப்டேட்டில் அனுப்பியது. அந்த மே மாதத்துக்குள், ஆட்டோரன் வழியாகப் பரவும் வைரஸ்களின் தொற்று விகிதம் 2010-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் எக்ஸ்பியில் 59 சதவீதமும் விஸ்டாவில் 74 சதவீதமும் குறைந்துவிட்டது. இந்த மூன்று மாதத்தில் மக்கள் யாரும் திடீரென்று உஷாராகிவிடவில்லை. அதே ஆட்கள், அதே பென்டிரைவ்கள், கண்டதையும் தட்டும் அதே விரல்கள். மாறியது ஒரே ஒரு அமைப்பு. பயனருக்குப் பாடம் எடுப்பதில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கணினி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று யோசிப்பதில் செலவழித்தால் எத்தனை பேர் தப்பிப்பார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

தட்டாமலே வந்த வைரஸும் உண்டு. 2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், ஷார்ட்கட்டின் ஐகானை விண்டோஸ் வரைந்து காட்டும் இடத்தில் இருந்த ஒரு ஓட்டையைப் பிடித்துக்கொண்டது. பென்டிரைவைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்த்தாலே போதும், ஏறிவிடும். அது குறிவைத்தது ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலையை. தொற்று அதிகம் பதிவான நாடுகளில் ஈரான், இந்தோனேசியாவுக்கு அடுத்து இந்தியா இருந்தது. வெளி இணையத்தோடு தொடர்பே இல்லாத ஆலைக்குள்கூட ஒரு பென்டிரைவ் போய்விடும் என்று உலகம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அணு ஆலை என்றதும் இந்த மண்ணுக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கூடங்குளம். 2019 செப்டம்பரில் தென்காசி இன்னும், கூடங்குளம் இருக்கும் திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகத்தான் இருந்தது. தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டது அந்த ஆண்டு நவம்பர் 22-இல். அந்த செப்டம்பர் 4-ஆம் தேதி, கூடங்குளத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகத்தின் கணினியில் தீநிரல் இருப்பதாக மத்திய அரசின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் தகவல் சொன்னது. அக்டோபர் கடைசியில் சமூக ஊடகத்தில் விஷயம் வெடித்தபோது, கூடங்குளம் நிலையம் அப்படி எதுவும் இல்லை என்று முதலில் மறுத்தது. மறுநாள், அக்டோபர் 30-இல், தீநிரல் கண்டறியப்பட்டது உண்மைதான் என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த வலையமைப்பில் ஒருவரின் கணினியில் அது இருந்தது என்றும், முக்கியமான உள் வலையமைப்பு தனியாகப் பிரிக்கப்பட்டது என்றும் விளக்கம் சொன்னது.

'டிட்ராக்' என்ற அந்தத் தீநிரல், தட்டும் விசைகளைப் பதிவுசெய்யும். பிரவுசரில் எங்கெல்லாம் போனார்கள், டிஸ்க்கில் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று பட்டியல் எடுக்கும். வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் கைவேலை என்று காஸ்பர்ஸ்கை நிறுவனம் அதே செப்டம்பரில் எழுதியிருந்தது. அதன் உறவுக்காரத் தீநிரல் ஒன்று அதற்கு முந்தைய ஆண்டே இந்திய ஏடிஎம்களில் சிக்கியிருந்தது. கூடங்குளத்தில் ஒரு கணினி விழுந்தது, உலை வலையமைப்பு விழவில்லை. யாரோ ஒருவர் எப்படியும் ஒரு நாள் தவறுவார் என்று முன்கூட்டியே கணக்குப்போட்டுச் சுவரை எழுப்பியிருந்ததுதான் இதற்குக் காரணம். ஆனால் முதல் நாள் மறுப்பு இருக்கிறதே, அதுதான் பெரிய பலவீனம். சொல்லிவிட்டால் திட்டு விழும் என்று பயந்து ஊழியர் வாய்திறக்காமல் இருப்பதற்கும், நிறுவனம் வாய்திறக்காமல் இருப்பதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. அந்த மௌனம் நீளும் ஒவ்வொரு நாளும் தீநிரலுக்குத்தான் லாபம்.

இனி உரிமை விவகாரம். எக்ஸ்பி காலத்தில் விண்டோஸ் போடும்போது உருவாக்கும் கணக்கு தானாகவே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்காக இருக்கும். கடிதம் டைப் அடிக்க உட்கார்ந்தவருக்கும் சிஸ்டத்தையே பிரித்து மேயும் அதிகாரம். வெள்ளையடிக்க வந்தவர் கையில் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுத்த கதை. யூனிக்ஸ் குடும்பத்தில் இது ஆரம்பத்திலிருந்தே வேறு மாதிரி. அன்றாட வேலைக்கு ஒரு கணக்கு, சிஸ்டத்தில் கைவைக்க இன்னொன்று. விஸ்டாவில் மைக்ரோசாஃப்டும் அதே பாதைக்கு வந்து, எதைத் தொட்டாலும் "அனுமதிக்கவா?" என்று கேட்கும் பெட்டியைக் கொண்டுவந்தது. உலகமே எரிச்சலடைந்தது. 2008-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பாதுகாப்பு மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ், எரிச்சலூட்டுவதே அதன் நோக்கம் என்று பகிரங்கமாகச் சொன்னார். மக்கள் கடுப்பானால் மென்பொருள் கம்பெனிகளைத் திட்டுவார்கள், கம்பெனிகள் தேவையில்லாமல் அட்மின் உரிமை கேட்பதை நிறுத்தும் என்பது கணக்கு. அதில் பாதி பலித்தது. கம்பெனிகள் கொஞ்சம் திருந்தின. மீதிப் பாதியில், பெட்டி வந்தாலே வாசிக்காமல் 'யெஸ்' தட்டும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே பழக்கிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தை இப்போது செல்போனில் திருடர்கள் அறுவடை செய்கிறார்கள்.

கணக்கைப் பிரித்தால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. ஒரு அரிசி ஆலையின் டேலி கணக்கோ, ஒரு ஸ்டுடியோவின் கல்யாண வீடியோவோ அந்தப் பயனரின் சொந்த ஃபைல். அதைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு அட்மின் உரிமை வேண்டியதில்லை, அவர் உரிமையே போதும். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கை கழற்றாமல் கணினியிலேயே மாட்டிவைத்திருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

வடிவமைப்பாளர், பயனர் என்று இரண்டே பேரை வைத்துத்தான் இந்த விஷயத்தை எழுதுகிறார்கள். தென்காசியில் நின்று பார்த்தால் நடுவில் மூன்றாவதாக ஒருவர் நிற்கிறார்: ஓஎஸ் போட்டுக் கொடுப்பவர். சிஸ்டம் ஹேங் ஆகிறது என்று தூக்கிக்கொண்டு போனால், ஃபார்மட் அடித்து, விண்டோஸ் போட்டு, ஆஃபீஸ், போட்டோஷாப், தமிழ் டைப்பிங் எல்லாம் ஏற்றி, சாயந்திரம் கொடுத்துவிடுவார். மைக்ரோசாஃப்ட் ரெட்மண்டில் உட்கார்ந்து என்ன முடிவெடுத்தாலும், தென்காசிக்காரரின் கணினி எந்த நிலையில் வீட்டுக்கு வரும் என்பதை முடிவுசெய்பவர் இவர்தான். திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கிராக் புரோகிராமை விண்டோஸின் சொந்தக் காவல்காரனான டிஃபெண்டர் பிடித்துவிடும். எனவே முதலில் டிஃபெண்டரை அணைக்க வேண்டும். அப்டேட் வந்தால் ஆக்டிவேஷன் போய்விடலாம். எனவே அப்டேட்டையும் நிறுத்த வேண்டும். பாஸ்வேர்டு வைத்தால் வாடிக்கையாளர் மறந்துவிட்டுத் திரும்ப வருவார். எனவே பாஸ்வேர்டு இல்லாத அட்மின் கணக்கு. இப்படியாக, விண்டோஸ் 10 என்ற பெயரில் வீட்டுக்கு வருவது எக்ஸ்பி காலத்துப் பாதுகாப்புதான்.

மைக்ரோசாஃப்ட் 2018-இல் இந்தியா உட்பட 9 ஆசிய நாடுகளில் கடைகளிலிருந்து புத்தம்புதுக் கணினிகளை வாங்கிச் சோதித்தது. ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவற்றில் திருட்டு மென்பொருள். அப்படிப்பட்ட கணினிகளிலும் ஐந்தில் நான்குக்கும் மேல் ஏதோ ஒரு தீநிரல். கிராக் ஓட வேண்டும் என்பதற்காகப் பாதுகாப்பை அணைத்துவைப்பது கடைகளில் சகஜம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. விற்கிறவரே நடத்திய ஆய்வு என்பதை மனதில் வைத்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் ஓஎஸ் போடும் எந்தக் கடையிலும் அரை மணி நேரம் நின்றால் இதே காட்சியைப் பார்க்கலாம்.

கடைக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். அசல் விண்டோஸ் வாங்கப் பல ஆயிரம் ஆகும் என்று சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். சில நூறு ரூபாய் கூலிக்கு அவர் கொடுப்பது ஓடுகிற ஒரு கணினி. அவ்வளவுதான் அவரிடம் கேட்டார்கள். விரும்பினால் ஆன்டிவைரஸ் சாவியும் விற்பார். 1991-இல் கேசவர்த்தனன் சென்னையில் தொடங்கிய கே7 நிறுவனத்தின் பெட்டி இந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் புதிதில்லை. ஜப்பான் வரை விற்கும் தமிழ்நாட்டுத் தயாரிப்பு அது. ஆனால் அப்டேட் நின்றுபோன ஓஎஸ் மேல் எந்த ஆன்டிவைரஸை ஏற்றினாலும் அடித்தளத்தில் இருக்கும் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

அப்டேட்டின் அருமை வானாக்ரை என்ற ரேன்சம்வேர் வந்தபோது தெரிந்தது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாஃப்ட் அடைத்துவிட்டது. மே 12-இல் வானாக்ரை வந்தது. நடுவில் இருந்த இரண்டு மாதத்தில் அப்டேட் போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்களில் பிரிட்டன் மருத்துவமனைகள் முதல் ஆந்திரக் காவல்துறை வரை எல்லோரும் உண்டு. அதற்கு யாரும் எதையும் தட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை, வலையமைப்பு வழியாகத் தானே கணினிக்குக் கணினி தாவியது.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடம்தான். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் பிரிவு, ஆயிரக்கணக்கான கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து அப்டேட் அனுப்பும் மென்பொருளை உலகம் முழுக்க விற்கிறது. அதே பிரிவின் இன்னொரு தயாரிப்பில், ஊழியர்கள் தாங்களே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள உதவும் மென்பொருளில், 2021-இல் பெரிய ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. செப்டம்பர் 6-இல் நிறுவனம் அதை அடைத்து வெளியிட்டது. அதே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ உள்ளிட்ட அமைப்புகள் எச்சரிக்கையும் விட்டன. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு அந்தப் புதிய பதிப்பைச் சரியான நேரத்தில் போடவில்லை. நவம்பர் 9-இல் உள்ளே வந்தவர்களை 2022 ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்கள். போரிலும் இடப்பெயர்விலும் உறவுகளைத் தொலைத்தவர்கள் உட்பட 5,15,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் அந்தக் கணினிகளில் இருந்தது. ஓட்டை இருந்தது செய்தவர்களின் குறை. அடைப்பு வந்தும் போடாமல் விட்டது பயன்படுத்தியவர்களின் குறை. இரண்டில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் அந்த மக்களின் பெயர்கள் பத்திரமாக இருந்திருக்கும்.

"பேசாம லினக்ஸுக்கு மாறிட்டா?" என்ற கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 2007 வாக்கில் உமாசங்கர் ஐஏஎஸ் தமிழக அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. அதே ஆண்டு சென்னை சி-டாக் 'பாஸ்' லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் இரண்டும் இருந்தன. லட்சக்கணக்கான வீடுகளுக்கு லினக்ஸ் போய்ச் சேர்ந்தது. அதில் என்ன செய்வது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பையன்கள் நேராகக் கடைக்குக் கொண்டுபோய் "ஃபுல் விண்டோஸ்" போட்டுக்கொண்டு வந்தார்கள். கைநழுவிப் போன பெரிய வாய்ப்பு இது. செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவு கணவாய் ஏறி இறங்கினால் கேரளம். அங்கே 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில ஆண்டுகளில் கட்டற்ற மென்பொருளுக்கு முழுமையாக மாறிக்கொண்டது. 2017-இல் அது 'கைட்' நிறுவனமாக ஆன பிறகும் பள்ளிக் கணினிகளில் ஓடுவது அவர்களே தயாரிக்கும் லினக்ஸ்தான். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பாடப்புத்தகத்தில் அதே மென்பொருள், ரிப்பேர் ஆனால் பார்க்க ஆள் என்று எல்லாம் கூடவே வந்தது. ஓஎஸ்ஸை மட்டும் கொடுத்துவிட்டுப் போவதற்கும் அதைச் சுற்றி ஒரு ஏற்பாட்டை எழுப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த மலைத்தொடரின் இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

அதற்காக லினக்ஸில் வைரஸே வராது என்று மார்தட்டுவதும் தப்பு. இணையத்தில் இறக்கிய ஃபைலைத் தட்டியதும் ஓடாது, ஓடும் உரிமையைத் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதும், மென்பொருளை ஒரே நம்பகமான களஞ்சியத்திலிருந்து இறக்கும் வழக்கமும் உண்மையான அரண்கள். ஆனால் 2016-இல் மிராய் என்ற தீநிரல் லினக்ஸ் ஓடும் சிசிடிவி கேமராக்களையும் ரவுட்டர்களையும்தான் லட்சக்கணக்கில் பிடித்தது. அதற்குத் தேவைப்பட்டது கம்பெனிகள் வைத்து அனுப்பிய சுமார் 60 பயனர்பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகளின் பட்டியல் மட்டுமே. அக்டோபர் 21-இல் அந்தக் கேமராப் படை ஒன்றுசேர்ந்து தாக்கியதில் அமெரிக்காவில் ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் தடுமாறின. குற்றாலத்து லாட்ஜ் வரவேற்பறைகளில் இன்று கேமரா இல்லாத இடம் அரிது. அதை மாட்டிக் கொடுத்த ஆள் பாஸ்வேர்டை மாற்றினாரா என்று கேட்கும் உரிமையாளர்கள் எத்தனை பேர்? இங்கேயும் முடிவெடுப்பவர் அதே மூன்றாவது மனிதர்தான்.

கடைகளில் இப்போது புதிய நெருக்கடி ஒன்று வந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவுசெய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு. விண்டோஸ் 11 வேண்டுமானால் டிபிஎம் 2.0 சிப்பும், இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஐ3 கணினிகள் இந்த வரம்பில் வராது. பிரிண்ட் எடுக்கவும் பிரவுசர் திறக்கவும் மட்டும் பயன்படும் அந்தக் கணினிகளில் லினக்ஸ் மிண்ட் போட்டுக் கொடுக்கச் சரியான நேரம் இதுதான். வரம்பை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றும் வித்தை கடைகளுக்குத் தெரியும். அதைவிட இது வாடிக்கையாளருக்குச் செய்யும் நிஜமான உதவி.

பென்டிரைவின் ராஜ்ஜியம் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஜெராக்ஸ் கடையிலேயே "வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க" என்றுதான் சொல்கிறார்கள். வைரஸும் கூடவே இடம் மாறிவிட்டது. டிராஃபிக் அபராதம், கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் உதவித்தொகை என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே எனும் ஆப் ஃபைல் இன்று கிராமம் வரை போகிறது. ஆண்ட்ராய்டு வடிவமைப்பில் பழைய விண்டோஸைவிடப் பல படி மேலானது. ஒவ்வொரு ஆப்பும் தனித்தனிக் கூண்டுக்குள் இருக்கும், ஒன்றின் தகவலை இன்னொன்று தொட முடியாது. தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்புக்குத் தனி அனுமதி வேண்டும். எஸ்எம்எஸ் படிக்க இன்னொன்று. திரையில் உள்ளதைப் படித்து நமக்குப் பதிலாகத் தட்டும் 'ஆக்சஸிபிலிட்டி' வசதிக்கு வேறொன்று. பார்வையற்றவர்களுக்காக உருவாக்கிய அந்தக் கடைசி வசதிதான் திருடர்களுக்கு மிகவும் பிடித்தமானது.

இத்தனை கதவையும் மக்கள் ஏன் திறந்துவிடுகிறார்கள்? இந்த ஊரில் ஏபிகே புதிய விஷயமே இல்லை. டேட்டா விலை அதிகமாக இருந்த நாளில் ஷேர்இட்டிலும் ஸெண்டரிலும் ஆப்பை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 ஆப்களில் அவை இரண்டும் இருந்தன. ஆப்கள் போய்விட்டன, பழக்கம் தங்கிவிட்டது. புது போன் வாங்கிய பெரியவருக்கு மொபைல் கடைத் தம்பி சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் "எல்லாத்துக்கும் அலோ குடுங்க தாத்தா, இல்லாட்டி ஓடாது" என்பதுதான். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. டார்ச் ஆப்கூட காண்டாக்ட் லிஸ்டைக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. கேட்டால் கொடு என்று பத்து வருஷம் பழக்கிவிட்டு, இந்த ஒரு தடவை மட்டும் கொடுக்காதே என்றால் அந்தத் தாத்தா எப்படிப் பிரித்தறிவார்?

கூகுளுக்கும் இது புரிந்திருக்கிறது. 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து ஏற்றிய ஆப் ஆக்சஸிபிலிட்டி கேட்டால் நேரடியாகக் கொடுக்க முடியாதபடி முட்டுக்கட்டை போட்டார்கள். 2024 அக்டோபரில் இந்தியாவுக்கு அறிவித்த சோதனைத் திட்டத்தில், வாட்ஸ்அப் போன்ற இடத்திலிருந்து இறக்கிய ஆப் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி மாதிரியான ஆபத்தானவற்றைக் கேட்டால் ஏறவே விடாமல் கூகுளின் பாதுகாப்பு வசதியான பிளே புரொடெக்ட் தடுத்துவிடும். 2025-இல் ஆண்ட்ராய்டு 16 அதற்கும் ஒரு படி மேலே போய், தெரியாத எண்ணோடு பேசிக்கொண்டிருக்கும்போது பிளே புரொடெக்ட்டை அணைக்கவோ ஆக்சஸிபிலிட்டி அனுமதி கொடுக்கவோ விடாது. "லைன்லயே இருங்க சார், இப்ப அந்தப் பட்டனை அமுக்குங்க" என்று மறுமுனையில் ஒருவன் சொல்லச் சொல்ல மக்கள் செய்வதைக் கவனித்தவர்கள் வைத்த பூட்டு அது. 2011-இல் ஆட்டோரனை நிறுத்தியபோது இருந்த அதே புத்தி.

ஆனால் மகன் பயன்படுத்திவிட்டு அப்பாவுக்குக் கொடுத்த போனில் ஆண்ட்ராய்டு 10-ஓ 11-ஓதான் இருக்கும். அந்தப் போன்களுக்கு இந்தப் பூட்டில் பாதி வந்து சேராது. அப்படிப்பட்ட போனில் ஏபிகே ஏறிவிட்டது என்று சந்தேகம் வந்தால் முதலில் ஏரோபிளேன் மோடில் போட்டு, வைஃபையும் அணைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். அந்தப் போனிலிருந்து யாருக்கும் பேசக் கூடாது. வேறொரு போனிலிருந்து வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்க் கலைவதற்குள் தகவல் போனால் அதை வழியிலேயே நிறுத்திவைக்க வங்கிகளால் முடியும். மொபைல் கடைத் தம்பிகள் புது போனைக் கையில் கொடுக்கும்போதே அந்த எண்ணையும் காண்டாக்டில் சேவ் செய்து கொடுத்தால் நல்லது.